நெட்டாக எடுத்த ஒரு படம்

அம்மாடி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆம்பூரில் கோஷாப் பெண்களைப் படம் பிடிப்பதற்கென்று வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கியிருப்பதையும், மாப்பிள்ளை அதற்கு வடக்குப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்துக் கொடுத்திருப்பதையும் உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். காமிராவுக்குப் பின்னால் நிற்பவள் பெண் என்று தெரிந்ததும் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண்கள் முகத்திரையை விலக்கிக்கொண்டு, 'பல் தெரியலாமா?' என்று உன்னிடம் கேட்டதாக எழுதியிருந்த இடத்தில் அவள் சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி ஒரு கேள்வி எழுதியிருந்தாய். "அப்பா, ஒரு படத்தை நெட்டாக எடுப்பதா, படுக்கையாக எடுப்பதா என்று நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள்? எனக்கு ஒவ்வொரு தரமும் குழப்பமாக இருக்கிறது." அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பது உனக்குத் தெரியும். மெல்லக் கூட்டி முடித்துவிட்டு, "கேட்டுட்டா இல்ல. மறைக்காம எழுதிடுங்க" என்று கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்கிற ஆளுக்கு நெட்டு, கூட்டத்துக்குப் படுக்கை. புடவை மடிப்பு பாதம் வரை தெரிய வேண்டுமென்று கல்யாணப் பெண் கேட்டால் நெட்டு. கைக்குழந்தையோடு தாய் உட்கார்ந்தால் அதுவும் நெட்டுதான். அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொண்டால் காமிராவில் பிளேட்டு மாட்டும் பின்சட்டத்தைக் கழற்றிப் படுக்கையாகத் திருப்பி மாட்டு. உன்னையே நான் நாலு வயதில் வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நிறுத்தி நெட்டாக எடுக்கப் பார்த்தேன். மூன்று தரமும் நீ சட்டத்தை விட்டு ஓடிப்போனாய். கடைசியில் படுக்கையாகத் திருப்பி, எங்கே ஓடினாலும் படத்தில் விழுவாய் என்று விட்டுவிட்டேன். ஓரத்தில் அரைக் காலும் பாவாடை நுனியுமாக அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் கைப்பழக்கம், நாலு மாதத்தில் உனக்கே வந்துவிடும். ஆனால் நீ கேட்ட கேள்வி என்னை உலுக்கியதற்குக் காரணம் வேறு. நீ சந்தைக்குப் போகும்போது பாலாற்றுப் பக்கம் ஒரு காலி மனையைக் கடந்து போவாய். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, அதில் மட்டும் முள் மண்டிக் கிடக்கும். அந்த மனையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ அந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டுப் போனபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது உனக்கு ஏழு வயது. லாங் பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் நம் ஸ்டுடியோ கொஞ்சம் பெயர் எடுத்திருந்த சமயம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு சாயபு ஆள் அனுப்பினார். பழைய கட்டடத்தின் மேல் புதிதாக ஒரு மாடி எழுப்பியிருக்கிறார், சீமையில் தோல் வாங்கும் கம்பெனிக்கு அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். காட்பாடியில் ரயிலேறி, முக்காலியும் பிளேட்டுப் பெட்டியுமாகப் போய் இறங்கினேன். கட்டடம் நீளமானது. வலது கையோரம் புது மாடி, வெள்ளையடித்துப் பளிச்சென்று நின்றது. இடது பக்கம் முழுக்கப் பழைய சுவர். அதன் நிழலில் எட்டுப் பத்துப் பெண்கள் காய்ந்த தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிரே காமிராவைப் படுக்கையாக நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் பின்னால் இருக்கும் மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் அல்லவா? மாடி தொங்கியது, பெண்கள் தொங்கினார்கள், சுவரிலே மரம் ஒன்று கிளைவிட்டு வளர்ந்ததுபோல் ஏதோ தெரிந்தது. செடி என்றுதான் நினைத்தேன். துணியை விலக்கி நேராகப் பார்த்தபோதுதான் அது வெடிப்பு என்று புரிந்தது. உத்தரத்தடியிலிருந்து தரைவரை இறங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய்க் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று.

என் பக்கத்தில் நின்றது ஷாப்பு மேனேஜர். சாயபு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே இருந்தார். "சுவரு வெடிச்சிருக்குதே, இதே சுவருமேல மாடி வேற ஏத்தியிருக்கீங்களே" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அத நாங்க பாத்துக்கிறோம், போட்டோக்காரரே. சீமைக்குப் போற படத்துல வெடிப்பு தெரியலாமா? அந்தப் பொம்பளைங்களும் வேணாம். முதலாளி, புது மாடி, அம்மாந்தான்" என்றார். நான் பின்சட்டத்தைக் கழற்றினேன். நெட்டாகத் திருப்பி மாட்டினேன். மறுபடி துணிக்குள் பார்த்தால் சுவரின் நல்ல பகுதியும் மாடியும் மட்டும் எடுப்பாக நின்றன. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் சொன்னதற்காக மட்டும் திருப்பவில்லை. நெட்டாக எடுத்தால் படம் அழகாக இருந்தது. அந்த அழகில் எனக்கு மனசு நிறைந்தும் போயிற்று.

இதில் ஒரு விஷயம். தாங்கள் படத்துக்கு வெளியே போய்விட்டது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. காமிரா அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துத்தானே நின்றது? சாயபு வந்து மாடி முன்னால் நின்றதும், "ஆடாம இருங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்தேன். அந்தப் பெண்களும் ஆடாமல் இருந்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி மூச்சைப் பிடித்து நின்றாள். நான் லென்சு மூடியைக் கழற்றி மூன்று எண்ணி மூடினேன். "ஆச்சு" என்றதும் அவர்கள் எல்லோரும் ஒன்றாக மூச்சுவிட்டுச் சிரித்தார்கள். 'நீங்கள் படத்தில் இல்லை' என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெட்டியைக் கட்டினேன்.

பதினைந்தாம் நாள், மழைக்கு மறுநாள் காலை, அந்தச் சுவர் விழுந்தது. மூன்று பெண்கள் அடியில் மாட்டிச் செத்துப்போனார்கள். செய்தி லாங் பஜாருக்கு வந்தபோது நான் ஒரு கல்யாணப் படத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். கையில் பசை காய்ந்து இறுகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வெடிப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கும், விசாரணையில் தானே வெளிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிவரவில்லை. படம் எடுத்த மறுநாளே அந்த இடத்தில் ஆவாரம்பட்டை மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி மறைத்துவிட்டார்களாம். விழுந்த பிறகு எல்லாம் மண்ணாகிவிட்டது, வேலை போய்விடும் என்ற பயத்தில் மீதிப் பெண்களும் வாயைத் திறக்கவில்லை. மூட்டை அடுக்கிய பிறகு காத்தவராயன் என்ற கூலியாள், தோல் ஊறும் குழித் தண்ணீர் வடிவதற்காகச் சுவர் ஓரமாக ஒரு கால்வாய் வெட்டியிருந்தான். வெட்டச் சொன்னதே மேனேஜர்தான். ஆனால் அவர், "நான் சொல்லவே இல்லை, இவன் இஷ்டத்துக்கு அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டான்" என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். காத்தவராயன் மேல் வழக்கு வந்தது. செத்துப்போன மூன்று பேரில் ஒருத்தி அவன் பெண்சாதி, பூங்காவனம்.

வேலூரில் மாஜிஸ்திரேட் முன் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சர்க்கார் வக்கீல் என் படத்தை, நம் ஸ்டுடியோ முத்திரை போட்ட அட்டையோடு, என் முன்னால் நீட்டினார். இந்தப் படம் நீர் எடுத்ததா என்றார். ஆமாம் என்றேன். எப்போது? சுவர் விழுவதற்குப் பதினைந்து நாள் முன்னால். இதில் தீட்டியோ சுரண்டியோ எதையாவது மாற்றினீரா? இல்லை. இந்தப் படத்தில் சுவருக்குப் பழுது ஏதாவது தெரிகிறதா? நான் படத்தைப் பார்த்தேன். அதன் இடது ஓரத்துக்கு ஒரு முழம் வெளியே அந்த வெடிப்பு எங்கே இருந்தது, பெண்கள் எங்கே நின்றார்கள் என்று அந்தக் கோர்ட்டுக் கச்சேரியில் மேனேஜரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். "படத்தில் தெரியவில்லை" என்றேன். நான்கு கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அம்மாடி, பொய்யே சொல்லாமல் ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்ப முடியும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பிறகு படத்தைக் காத்தவராயன் கையில் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அப்படியும் இப்படியும் சாய்த்தான், அட்டையைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தான். மாஜிஸ்திரேட் பொறுமை இழந்து, "சுவர் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். அவன் தலை நிமிராமல், "நல்லாத்தான் கீதுங்க" என்றான். "பிறகு எப்படி விழுந்தது?" அவன் யோசித்தான். "அப்ப நான் வெட்டுனதுலதான் வுழுந்திருக்கும்" என்றான். யாரும் அவனை மிரட்டவில்லை. அவன் முகத்தில் பயமும் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை கண்டுபிடித்த பிள்ளை மாதிரி, அதிர்ந்துபோய், மெதுவாகத்தான் சொன்னான். என் படத்தை நம்பினான். தன் கையாலேயே பெண்சாதியைக் கொன்றுவிட்டதாக அந்த இடத்தில், என் கண்ணெதிரில், நம்பிவிட்டான். ஆறு மாதம் என்றார்கள். அவன் கும்பிட்டான்.

வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்று தெரியாது. நீ ஓடி வந்து சிலேட்டைக் காட்டினாய், நான் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். நீ அழுததாக அப்புறம் அம்மா சொன்னாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, "நான் பொய் சொல்லலையே" என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அத நான் கேக்கல" என்றாள். "கோர்ட்டுக்கு அப்பாலே போலாம். மொதல்ல அந்த ஆளாண்ட போய்ச் சொல்லுங்க. இந்நேரம் அவன் இன்னா நெனச்சிக்கினு குந்தியிருப்பான்?" என்று கேட்டாள். நான் சாட்சிக் கூண்டிலேயே அதைச் சொல்லியிருந்தால் ஜெயிலுக்குப் போய்ச் சொல்லும் வேலையே இல்லை. அந்த ஐந்து நிமிஷம் வாய் ஏன் அடைத்துக்கொண்டது என்று இன்று வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். தோல் ஷாப்புக்காரர்களின் பகை வரும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, என் முத்திரை போட்ட படத்தை நானே பாதிப் படம் என்று நாலு பேர் முன்னால் சொல்ல நா எழவில்லை.

மனு எழுதிக் கொடுத்து மூன்றாம் நாள் ஜெயிலுக்குள் விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சொன்னதும் கை கூப்பினான். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: சுவரில் முன்பே வெடிப்பு இருந்தது, நான் பார்த்தேன், மேனேஜரிடம் கேட்டேன், அது தெரியாதபடி காமிராவைத் திருப்பினேன். "எம்மாம் அகலம்?" என்றான். நான் கட்டைவிரலைக் காட்டினேன். "உள்ள போச்சா?" "போச்சு." அவன் கம்பி இடுக்கில் கையை நீட்டி என் கட்டைவிரலைப் பிடித்தான். முறுக்கப் போகிறான் என்று நினைத்தேன். முறுக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் சும்மா பிடித்துக்கொண்டு, அதன் பருமனைத் தடவித் தடவிப் பார்த்தான். "அப்ப நான் இல்லியா? நான் இல்லியாங்க?" என்றான். "நீ இல்லப்பா" என்றேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. வார்டர் வந்து விலக்கும் வரை சொன்னேன்.

நான் திரும்பும்போது அவனே கூப்பிட்டான். "கோர்ட்டுல நான் செவுரப் பாக்கலீங்க. அவளத் தேடுனேன். போட்டோ புடிச்ச அன்னிக்கு வூட்டுக்கு வந்து, 'நானும் படத்துல வுழுந்துகீறேன், சீமைக்கிப் போறேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. பின்பக்கங்கூட திருப்பிப் பாத்தேன். இல்லியே" என்றான். அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது சுவரைப் பார்க்கிறான் என்றுதான் நான் உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம். முகம் துடைத்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டான். இடது பக்கம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "அவதான்" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆம்பூருக்குப் போய்ச் சாயபுவைப் பார்த்தேன். விரட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, எனக்கு யாருமே சொல்லலியே. அன்னிக்கு நான் வெளிய வந்தப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார். அந்தக் கேள்வி சரிதான். நான் சொல்லியிருந்தால் அவர் அந்தச் சுவரை இடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். மேனேஜரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மாடி கட்டிய கொத்தனாரைத் தேடி நாங்கள் இருவரும் அணைக்கட்டு ஊர் வரை வண்டியில் போனோம். வெடிப்பைப் பற்றி மேனேஜரிடம் தான் இரண்டு தரம் சொன்னதாகவும், அதற்காகவே வேலையை விட்டு நிறுத்தப்பட்டதாகவும் அந்த ஆள் சொன்னார். அப்பீலில் மூன்று பேரும் சாட்சி சொன்னோம். "உம்முடைய படத்தில் வெடிப்பு இல்லையே, உம்மை நம்புவதா, படத்தை நம்புவதா?" என்று ஜட்ஜ் கேட்டார். "என்னை நம்புங்கள், படத்தை அப்படித் திருப்பியவன் நான்தான்" என்றேன். கச்சேரியில் சிலர் சிரித்தார்கள். காத்தவராயன் ஐம்பது நாளைக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு விடுதலையானான். சாயபு அந்த இடத்தில் மறுபடி ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. அதனால்தான் இன்னும் முள் மண்டிக் கிடக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நெட்டா, படுக்கையா என்பதைக் கண்ணை வைத்துத் தீர்மானி, தப்பில்லை. ஆனால் சட்டத்தைத் திருப்பிய பிறகு ஒரு தரம் துணியை விட்டு வெளியே வந்து, யார் யார் வெளியே போனார்கள் என்று நேராகப் பார். போனவர்களிடம் போய், "நீங்க இதுல இல்லம்மா" என்று சொல்லிவிடு. கோஷா வீடுகளில் இது இன்னும் முக்கியம். எஜமானி அம்மாளை எடுக்கும்போது ஓரத்தில் சமையல்காரியோ, விதவையான நாத்தனாரோ புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். அவளுக்கு ஒரு பிளேட்டு செலவழிக்க யோசிக்காதே. யாராவது, இது தெரிய வேண்டாம், திருப்பு என்று சொன்னால், ஏன் என்று கேள். கேட்டுவிட்டு, என்னைப் போல் பேசாமல் திருப்பாதே.

காத்தவராயன் வெளியே வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு பகல் நேரத்தில் நம் ஸ்டுடியோவுக்கு வந்தான். ஒரு படம் எடுத்துத் தருகிறேன், உட்கார் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "நீங்க துணிக்குள்ள பாக்குற அந்தக் கண்ணாடிய ஒரு வாட்டி நான் பாக்கலாமா?" என்றான். காமிராவை ஜன்னலோரம் தெருவைப் பார்த்து நிறுத்தினேன். நெட்டாகத்தான் இருந்தது. கறுப்புத் துணிக்குள் போனான். லாங் பஜாருக்குப் போகும் கைவண்டிகளும் சுமைக்காரர்களும் தலைகீழாகப் போவது அவனுக்குத் தெரிந்திருக்கும். "இப்ப அன்னிக்கு மொதல்ல இருந்த மாதிரி திருப்புங்க" என்று உள்ளிருந்தே சொன்னான். நான் பின்சட்டத்தைக் கழற்றிப் படுக்கையாக மாட்டினேன். வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை. துணி மட்டும் லேசாக அசைந்தது. பிறகு தலையை எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை, காமிராவைத்தான் பார்த்தான்.

"இத்தினி எடம் இருந்துதா?" என்றான்.

படியிறங்கிப் போய்விட்டான்.

உன் அப்பா